ஒளியத் தெரியாத ஒற்றன்

முதலில் டேங்கர்கள் கிளம்பும். இங்கிலாந்தின் சஃபக் பகுதியில், மில்டன்ஹால் விமானத் தளத்தின் கம்பிவேலிக்கு வெளியே பிளாஸ்க்கும் பைனாகுலருமாக நின்றிருப்பவர்களுக்கு அந்த ஓர் அடையாளம் போதும். 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990 தொடக்கம் வரை அந்த வேலியோரத்தில் இப்படி ஒரு கூட்டம் கூடிக் கலைந்துகொண்டே இருந்தது. கேசி-135க்யூ ரக டேங்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிப் போனால் கேமராவைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்வார்கள். அவை சுமந்து போகும் ஜேபி-7 என்ற எரிபொருள் ஒரே ஒரு ரக விமானத்துக்கு. அது இன்னும் கொட்டகையை விட்டு வெளியே வந்திருக்காது.

வரும்போது மூட்டுவலிக்காரரைப் போலத் தயங்கித் தயங்கித்தான் வரும். கருப்பாக, நீளமாக, தட்டையாக இருக்கும். டயர்கள் மட்டும் வெள்ளி நிறம். வெப்பம் தாங்குவதற்காக ரப்பரில் அலுமினியத் தூளைக் கலந்திருப்பார்கள். அவற்றில் அடைத்திருக்கும் நைட்ரஜனின் அழுத்தம் நம் கார் டயரில் இருப்பதைப்போல் 12 மடங்குக்கு மேல். வயிற்றிலிருந்து எரிபொருள் சொட்டிக்கொண்டே இருக்கும். நின்ற இடத்தைத் தரையின் ஈரமே காட்டிக்கொடுக்கும்.

ஓடுபாதையின் முனைக்கு வந்து நிற்கும். எஞ்சின்களின் இரைச்சல் ஏறும். பிரேக்கை விட்டதும் ஆஃப்டர்பர்னர்கள் பற்றும்போது வால்பக்கம் சட்டென்று ஒரு பச்சை மின்னல், அடுத்து இன்னொன்று. இரண்டு எஞ்சினும் ஒரே நொடியில் பற்றிக்கொள்வது அபூர்வம் என்பதால் மூக்கு ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். பைலட் காலால் நேர்செய்துகொள்வார். பச்சை மறைந்ததும் நீளநீளமாக இரண்டு தழல்கள், அவற்றுக்குள் மணி கோத்தாற்போல் வரிசையாக ஒளிக் கட்டிகள். வெளியேறும் வாயு காற்றோடு மோதி, இறுகி, விரிந்து, மறுபடி இறுகும் இடங்கள் அவை. மணிக்கு 330 கிலோமீட்டரைத் தாண்டும்போது மூக்கு தூக்கும், 390ஐ நெருங்கும்போது சக்கரம் தரையை விடும். சத்தம் அதற்குப் பிறகுதான் முழுசாக வந்து சேரும். வேலியோரத்தில் நிற்பவரின் நெஞ்சுக்கூடு உடுக்கைத் தோலாக அதிரும். நிறுத்திவைத்த கார்களின் கண்ணாடிகளும் சேர்ந்து நடுங்கும்.

எஸ்ஆர்-71 என்ற உளவு விமானம் வேலைக்குக் கிளம்பும் லட்சணம் இது. ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவர், பார்ப்பவருக்குச் சந்தேகம் எழாத உருவம் ஒற்றனுக்கு வேண்டும் என்கிறார். துறவி வேடம்கூடச் சொல்லித் தருகிறார். இந்த ஒற்றனோ ஊரை எழுப்பிவிட்டுத்தான் புறப்படும். ரேடாரில் சிறிதாகத் தெரியும்படி உடம்பின் விளிம்புகளைச் செதுக்கினார்கள், பெயின்ட்டில்கூட வித்தை செய்தார்கள். பின்னால் நீண்ட தழல் அந்தப் பாட்டையெல்லாம் கெடுத்தது. ஆனால் கிளம்பியதைப் பார்த்துவிட்டால் மட்டும் என்ன செய்துவிட முடியும்? ஏவுகணையைத் தயார்செய்து குறிவைப்பதற்குள் அது 25 கிலோமீட்டர் உயரத்தில், நிமிடத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் கடந்து போயிருக்கும். ஒளிந்துகொள்ள அதற்கு வேகத்தைத் தவிர வேறு இடமில்லை.

இந்த ரகத்தில் மொத்தம் 32 விமானங்கள் கட்டினார்கள். ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து போகலாம். வாலில் 17972 என்று எழுதியிருக்கும். கூடப் பழகியவர்களுக்கு வெறும் 972.

அதன் பிறப்புக்கான காரணம் அது பிறப்பதற்கு முன்பே பேச்சில் இருந்தது. மெதுவாக, மிக உயரத்தில் பறக்கும் யூ-2 விமானத்தை என்றாவது ஒருநாள் சோவியத் ஏவுகணை எட்டிவிடும் என்று அதைக் கட்டிய கெல்லி ஜான்சனுக்கே தெரியும். 1960 மே 1 அன்று கேரி பவர்ஸ் ஓட்டிப் போன யூ-2வை சோவியத் வானில் வீழ்த்தியபோது, லாக்ஹீட் நிறுவனத்தின் ஸ்கங்க் ஒர்க்ஸ் பிரிவில் ஜான்சனின் ஆட்கள் மாற்று விமானத்தின் வேலையில் இறங்கியிருந்தார்கள். சிஐஏவுக்காக ஒருவர் மட்டும் அமரும் ஏ-12 முதலில் வந்தது. அதன் இருவர் அமரும் தம்பிதான் விமானப்படைக்கான எஸ்ஆர்-71. 1964 டிசம்பர் 22 அன்று முதல் விமானம் பறந்தது. 972க்கு இரண்டு வருடம் கழித்து முறை வந்தது.

உடம்பு டைட்டானியம். ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் காற்றைக் கிழித்துப் போனால் தோல் சராசரியாக 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும். அந்தச் சூட்டில் அலுமினியம் தளர்ந்துவிடும். அமெரிக்காவிடம் போதுமான டைட்டானியம் இல்லை. அதிகம் இருந்த நாடு சோவியத் யூனியன். ஆகவே இடைத்தரகர்கள் வழியாக, வாங்குவது யார் என்று தெரியாதபடி, அங்கிருந்தே வாங்கினார்கள். யாரை வேவு பார்க்கப் போகிறதோ அவர்கள் மண்ணிலிருந்தே அதன் தோல் வந்தது. இதில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று: டைட்டானியம் கொட்டிக் கிடந்த சோவியத் நாடு, தன் அதிவேக விமானமான மிக்-25ஐப் பெரும்பாலும் எஃகில்தான் கட்டியது. பற்றவைக்கச் சுலபம் என்பது அவர்கள் கணக்கு. (அந்த மிக்-25இன் உளவு ரகத்தை இந்திய விமானப்படையும் 1981 முதல் 2006 வரை பரேலியில் வைத்திருந்தது. வேகத்தையே கவசமாக நம்பிய குடும்பத்தில் அதுவும் ஓர் உறுப்பினர்.)

கலிபோர்னியாவின் பர்பேங்க் பட்டறையில் டைட்டானியம் அவர்களைப் படுத்தியபாடு தனிக் கதை. சூடேறியபோது சில போல்ட்டுகளின் தலை தானாகக் கழன்று விழுந்தது. தேடிப் பார்த்தால், முடுக்கிய ஸ்பேனரில் காட்மியம் முலாம். தொட்ட இடத்தில் ஒட்டிய காட்மியம் துணுக்கே டைட்டானியத்தைக் கெடுத்திருக்கிறது. தொழிலாளர்களின் பெட்டிகளைக் கிளறி அந்த ஸ்பேனர்களையெல்லாம் அப்புறப்படுத்தினார்கள். பிறகு இன்னொரு புதிர்: கோடையில் பற்றவைத்த பாகங்கள் சீக்கிரம் விட்டுப்போயின, குளிர்காலத்தில் செய்தவை உறுதியாக நின்றன. பாசி பிடிக்காமலிருக்க ஊர்க் குடிநீரில் கோடையில் குளோரின் கலக்கிறார்கள், அந்த நீரில்தான் பாகங்களைக் கழுவுகிறோம் என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள். அதன்பின் காய்ச்சி வடித்த நீர். ஒரு பட்டறை தன் ஊரின் குழாய்த் தண்ணீரோடு மல்லுக்கட்டிய வரலாறு எந்த வீரசாகசத்தையும்விட எனக்குச் சுவையாகப் படுகிறது.

பர்பேங்கில் செய்த பாகங்கள் சாலை வழியாகப் பாலைவன ஓரத்தில் இருக்கும் பாம்டேலுக்குப் போய் முழு விமானமாகின. 32.7 மீட்டர் நீளம், 16.9 மீட்டர் இறக்கை அகலம். பாம்டேலின் ஓடுபாதையிலிருந்து 1966 டிசம்பரில் 972 முதன்முதலாக எழும்பியது. இந்த ஓடுபாதையை மறந்துவிட வேண்டாம்.

சொட்டும் எரிபொருளுக்கு வருவோம். தரையில் குளிர்ந்திருக்கும்போது பலகைகளின் இணைப்புகளில் இடைவெளி இருக்கும். வானில் சூடேறினால் விமானமே சில அங்குலம் நீளும், இடைவெளிகள் குறுகும். தொட்டிக்குத் தனிச் சுவர் கிடையாது. விமானத்தின் தோல்தான் தொட்டிச் சுவர். இடுக்கில் அடைத்த பூச்சு சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து நாளடைவில் வெடித்துவிடும். கசிவு ஒரு வரம்புக்குள் இருந்தால் பரவாயில்லை என்று விதியே வைத்துவிட்டார்கள். ஒழுகித் தீர்ந்துவிடுவதால்தான் மேலே போனவுடன் டேங்கரைத் தேடுகிறது என்று பலரும் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காரணம் அதுவல்ல. முழுத்தொட்டி என்றால் 36 டன். அத்தனை பாரத்தோடு ஓடும்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் சமாளிக்க முடியாது; டயருக்கும் பிரேக்குக்கும் பாடு. அதனால் குறைவாக நிரப்பிக் கிளம்பி மேலே குடிப்பார்கள். தொட்டி நிரம்பி வழியும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறும். பிறகு காலியாகும் இடத்தில் நைட்ரஜன் சேரும். இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் எரிபொருள் ஆவி தானாகவே தீப்பற்றலாம்.

தரையில் சொட்டிக் கிடப்பது பற்றாதா? அதுதான் ஜேபி-7இன் குணம். எரியும் தீக்குச்சியை அதில் போட்டால் குச்சி அணைந்துவிடும். அவ்வளவு மந்தமான திரவத்தை எஞ்சினுக்குள் எரிய வைக்க வேறொரு முரட்டு ரசாயனம் வேண்டும். டிரைஎத்தில்போரேன், சுருக்கமாக டெப். காற்றுப் பட்டாலே பச்சையாகக் குபீரென்று பற்றும். வேலியோரத்துக்காரர்கள் பார்த்த பச்சை மின்னல் இதுதான். ஓர் எஞ்சினுக்குப் பதினாறு முறை பீய்ச்சும் அளவுக்கே டெப் இருக்கும். தரையில் கிளப்ப ஒன்று, ஆஃப்டர்பர்னருக்கு ஒன்று, டேங்கரை விட்டுப் பிரிந்தபின் மறுபடி ஒன்று என்று பைலட் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

எஞ்சினைக் கிளப்புவதற்கு ஆரம்ப காலத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. அடியில் ஒரு தள்ளுவண்டி வரும். அதற்குள் இரண்டு பியூக் கார் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் எட்டு சிலிண்டர். சைலன்சர் இல்லாத கார்ப் பந்தயம் மாதிரி அவை உறுமி, மேலே நீட்டிய தண்டின் வழியாக ஜெட் எஞ்சினைச் சுழற்றிவிடும். உலகின் அதிவேக ஜெட் விமானத்தைக் கிளப்பிவிட்டது அக்கால அமெரிக்கக் குடும்பக் காரின் எஞ்சின்.

கலிபோர்னியாவின் பீல் தளம் இந்தக் கூட்டத்தின் வீடு. 1968இல் ஜப்பானின் ஒக்கினாவா தீவில் உள்ள கடேனாவிலிருந்து வியட்நாம் மேலே பறக்கத் தொடங்கியது. அந்தத் தீவில் ஹபு என்றொரு விஷப்பாம்பு உண்டு. குன்றின் மேல் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கண்ணுக்கு இந்தக் கருத்த, தட்டைத் தலை விமானம் ஹபுவாகத் தெரிந்தது. அமெரிக்காவில் பத்திரிகைகள் ‘பிளாக்பேர்ட்’ என்று எழுதிக்கொண்டிருக்க, ஓட்டியவர்கள் ஒக்கினாவாக்காரர்கள் வைத்த பாம்புப் பெயரையே கடைசிவரை சொன்னார்கள். வேலை முடிந்து திரும்பிய ஒவ்வொரு முறைக்கும் விமானத்தின் மேல் சின்னப் பாம்பு ஒன்றை வரைந்துவிடுவதும் உண்டு. பறவையா பாம்பா என்று கேட்டால் நான் ஒக்கினாவா கட்சி. பறவை இப்படித் தரையோடு தரையாக வராது.

உள்ளே இருவர், முன்னும் பின்னுமாக, விண்வெளி வீரர்களைப் போன்ற அழுத்த உடையில். கிளம்பும் முன்பே நெடுநேரம் தூய ஆக்சிஜன் சுவாசித்திருப்பார்கள். சாப்பாடு குழாயில், அதைக் கண்ணாடி ஜன்னலில் சற்றுநேரம் ஒட்டிப் பிடித்தால் சூடாகிவிடும். வெளியே உறைய வைக்கும் குளிர்தான், ஆனாலும் வேகம் கண்ணாடியைத் தோசைக்கல் ஆக்கிவைத்திருக்கும். வழி காட்டுவது நட்சத்திரம்: பட்டப்பகலிலும் நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து இடம் கணிக்கும் கருவி ஒன்று இருவருக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் முன்னால் இருக்கும் கூம்பு வேகம் ஏற ஏற உள்வாங்கி, 66 சென்டிமீட்டர் வரை பின்னுக்குப் போகும். காற்றை எந்த இடத்தில் மடக்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். அந்தக் கணக்குப் பிசகினால் விமானம் ஒரு பக்கமாக உதறும், ஓட்டுபவர் தலைக்கவசம் கண்ணாடியில் போய் மோதும்.

சோவியத் நாட்டின் உள்ளே இந்த விமானம் பறக்கவில்லை. பேரன்ட்ஸ் கடல், பால்டிக், பசிபிக் ஓரம் என்று எல்லையை ஒட்டி ஓடி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. 1973 அக்டோபரில் இஸ்ரேல்-அரபுப் போர் வெடித்தபோது அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பி, வழியில் பலமுறை எரிபொருள் வாங்கி, போர்க்களத்தைப் படமெடுத்து, எங்கும் இறங்காமல் வீடு திரும்பியது.

972க்குப் பேர் வாங்கித் தந்தது 1974 செப்டம்பர். முதல் தேதி ஜேம்ஸ் சல்லிவனும் நோயல் விடிஃபீல்டும் அதை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 1 மணி 54 நிமிடம் 56.4 நொடியில் ஓட்டினார்கள். நடுவே அட்லாண்டிக் மேல் டேங்கருக்காக வேகத்தைக் குறைத்த நேரமும் சேர்த்துத்தான். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குக் கான்கார்ட் பயணிகள் விமானம் தன் வாழ்நாளில் எட்டிய மிகச் சிறந்த நேரமே அதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல். உளவு விமானம் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் ஜனங்களுக்கு நடுவே நின்றது. ரகசியத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. 13ஆம் தேதி ஹெரால்ட் ஆடம்ஸும் வில்லியம் மக்கோரெக்கும் லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு 3 மணி 47 நிமிடம் 39 நொடியில் கொண்டுபோனார்கள். இரு ஊர்களுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். லண்டன் கடிகாரத்தில் புறப்பட்ட நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்னதாகவே லாஸ் ஏஞ்சலிஸ் கடிகாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சூரியனை முந்திய கணக்கு.

32இல் 12 விமானங்கள் விபத்தில் அழிந்தன. எதிரியால் வீழ்ந்தது ஒன்றுகூட இல்லை. கடைசியில் அதைத் தரைக்குக் கொண்டுவந்தது பட்ஜெட் கூட்டம். பறக்க வைக்கும் செலவு எக்கச்சக்கம்: தனி எரிபொருள், தனி டேங்கர், தனி ஆட்கள். மேலே செயற்கைக்கோள்கள் பெருகிவிட்டன. அதைவிடப் பெரிய குறை அதன் வேலைமுறையிலேயே இருந்தது. படச்சுருள் தரைக்கு வந்து, கழுவி, யாராவது பார்த்த பிறகுதான் செய்தி. பிடிக்கும்போதே படத்தைக் கீழே அனுப்பும் வசதி ஓய்வுபெறும் காலம் வரை சரியாக அமையவில்லை. நிமிடத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடுபவன் கொண்டுவரும் தகவல், அவன் இறங்கியபின் நடையாய் நடந்தது. வேகத்தை நம்பிப் பிறந்த விமானம் வேகம் போதாமல்தான் ஓய்வுபெற்றது என்று நான் சொன்னால் வேலியோர ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

1990 ஜனவரியில் பீல் தளத்தில் ஓய்வு விழா நடந்தது. 972ஐ வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குத் தர வேண்டும். கழற்றி லாரியில் அனுப்பவில்லை. பறந்தே போகட்டும் என்றார்கள்.

மார்ச் 6. பாம்டேல், 23 வருடம் முன்பு முதன்முதலாக எழும்பிய அதே ஓடுபாதை. விடியாத இருட்டில் எட் யெய்ல்டிங் முன்னே, ஜோசப் வைடா பின்னே. அந்த ஊரில் இதைக் கட்டியவர்கள் பலர் இருந்தார்கள். இருட்டில் பச்சை மின்னல் இரண்டு, மணிமணியாகத் தழல், மேலே போகப் போக இரண்டு புள்ளி. கிழக்கே போக வேண்டிய விமானம் முதலில் மேற்கே பசிபிக் கடலுக்குப் போனது. டேங்கரிடம் நிரப்பிக்கொண்டு, திரும்பி, கரையைக் கடக்கும்போதே வேகத்தோடு கடக்க வேண்டும் என்பதற்காக.

கரைக்குக் கரை 67 நிமிடம் 54 நொடி. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வாஷிங்டன் 64 நிமிடம் 20 நொடி. வழியில் செயின்ட் லூயிஸிலிருந்து சின்சினாட்டி 8 நிமிடம் 32 நொடி. கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் அது. அட்லாண்டிக் கரையைத் தாண்டித்தான் வேகம் குறைக்க முடிந்தது. திரும்பி வந்து, வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் காத்திருந்தவர்களுக்கு முன்னால் தாழப் பறந்து காட்டி இறங்கியது. வால் பாராசூட் விரிந்தது, நின்றது. 23 வருடத்தில் சுமார் 2,800 மணி நேரம் பறந்த உடம்பு.

மறுநாள் செனட்டில் எழுந்து, இதை நிறுத்தியது தவறு என்று பேசியவர் ஜான் கிளென். விண்வெளி வீரர் என்று உலகம் அறியும். ஆனால் அந்தப் பேச்சுக்கு அவரிடம் வேறொரு உரிமையும் இருந்தது. 1957 ஜூலையில் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்கு 3 மணி 23 நிமிடம் 8 நொடியில் பறந்து சாதனை வைத்தவர் அவர். ஓட்டியது குரூசேடர் ஜெட்டின் படமெடுக்கும் உளவு ரகம். அவருடைய பேச்சுக்குப் பலன் உடனே இல்லை. சில விமானங்களை 1990களின் நடுவில் மீண்டும் எழுப்பிப் பார்த்தார்கள், அதுவும் நிற்கவில்லை. 972 அந்த ஆட்டத்தில் சேரவேயில்லை.

டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஸ்மித்சோனியனின் உட்வர்-ஹேஸி மையம் 2003 டிசம்பரில் திறந்தது. அதுவரை 972 அங்கேயே காத்திருந்தது. இப்போது வாசலைத் தாண்டிப் போனால் மேல்தளத்திலிருந்து நேர் கீழே அதன் மூக்கு தெரியும். பின்னால் டிஸ்கவரி விண்ணோடம். குழந்தைகள் முதலில் விண்ணோடத்தை நோக்கித்தான் ஓடுகிறார்கள்.

அதே கட்டடத்தில் ஒரு கோபுரம் உண்டு. மேலே ஏறினால் டல்லஸின் ஓடுபாதைகள் முழுக்கத் தெரியும். பயணிகள் விமானங்கள் ஒழுங்காக வரிசையில் வந்து, ஓடி, எழும்பிப் போகின்றன, கண்ணாடி அதிர்வதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் போகும் விமானமும் அவற்றில் இருக்கும். கிட்டத்தட்ட ஐந்தரை மணி நேரப் பயணம், நடுவே ஒரு படம் பார்த்துத் தூங்கியும் எழலாம்.